அன்பளிப்புக் கண்ணாடி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அந்த அலுவலகத்தில் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'பொறுப்பல்ல'. "பொறுப்பல்ல சார், டீ ஆறுது." "பொறுப்பல்ல எங்கப்பா போனாரு, முதலாளி தேடறாரு." அவருக்கும் பழகிப்போய்விட்டது. ஒருநாள் வங்கியில் பெயர் கேட்டபோது அதுவே நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

எல்லாம் தொழில் செய்த வேலை. அந்த நிறுவனம் விற்கும் பொருள்களின் உறைகளிலும், ரசீதுகளிலும், இணையதளத்திலும் 'நிறுவனம் பொறுப்பல்ல' என்று முடிகிற வாக்கியங்களை எழுதுவதற்காகவே அவர் மாதாமாதம் சம்பளம் வாங்கினார். ஈரக் கையால் தொட்டால் பொறுப்பல்ல. தவறாகப் பொருத்தினால் பொறுப்பல்ல. சரியாகப் பொருத்தினாலும் பொறுப்பல்ல. பதினோரு வருடமாக இதைத்தான் எழுதினார். எழுத்தாளர் ஆகவேண்டும் என்று சின்ன வயதில் ஆசைப்பட்டவர். ஒரு விதத்தில் ஆசை நிறைவேறியது. பல்லாயிரம் பிரதிகள் அச்சாயின, ஒருத்தரும் படிக்கவில்லை.

நிறுவனம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. டயர்க் கடைக்கு மேலே மூன்று அறைகள். முதல் அறையில் பேக்கிங் அக்கா, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே. இரண்டாவது அறையில் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு டெக்னீஷியன் மேடம் பாகங்களைச் சோதிப்பார். மூன்றாவதில் முதலாளி. ஒரு பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நம் பொறுப்பல்ல.

அங்கே விற்றது லேசர் இல்லை. இதை முதலாளி ஒரு நாளைக்கு மூன்று முறையாவது சொல்வார். லேசர் என்று முழுசாக விற்றால் சட்டம் ஆயிரம் கேட்கும். சாவி போட்டுத் திறக்கிற பூட்டு வேண்டும், எரிகிறது என்று காட்டும் விளக்கு வேண்டும், மூடியைத் திறந்தால் தானே அணைகிற சுவிட்ச் வேண்டும், எல்லாம் இருக்கிறது என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அதனால் நீல ஒளி உமிழும் டயோடு ஒரு உறையில். அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர் போர்டு இன்னொரு உறையில். லென்ஸ் மூன்றாவதில். சூடு தணிக்கிற அலுமினியக் கட்டை நான்காவதில். நான்கும் ஒரே நாளில் ஒரே விலாசத்துக்குப் போகும். பேக்கிங் அக்கா நான்கையும் ஒரே ரப்பர் பேண்டில் கட்டுவாள். "வீட்டுக்குப் போனதும் நாலும் கல்யாணம் பண்ணிக்கும். நமக்கென்ன, நாம தரகுகூட வாங்கல," என்பாள்.

கல்யாணம் ஆனபின் அது சுவரில் சிவப்புப் புள்ளி காட்டிப் பூனைக்கு விளையாட்டுக் காட்டுகிற சமாசாரம் இல்லை. தள்ளி வைத்த தீக்குச்சியைப் பற்றவைக்கும். மரத்தைச் சுடும். கண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாங்கியவர்கள் யார் என்றால் பொழுதுபோக்குக்காரர்கள். பல் டாக்டர், தபால்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமையில் எதையாவது சுட்டுப் பார்க்காவிட்டால் தூக்கம் வராதவர்கள்.

ஒருநாள் முதலாளி தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார்.

"யாராவது நாலையும் சேத்துக் கண்ணைக் கெடுத்துக்கிட்டா, தயாரிச்சது யாருன்னு கேள்வி வரும்ல?"

"வரும் சார்."

"வரக்கூடாதே."

பொறுப்பல்ல மூன்று நாள் சாப்பாட்டில்கூட நாட்டமில்லாமல் யோசித்தார். பிறகு எழுதினார்: 'இந்தப் பாகங்களைப் பொருத்துகிறவரே தயாரிப்பாளர் ஆவார்.' முதலாளி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வாங்கினவன் வேற யாருகிட்டயாவது குடுத்துப் பொருத்தினா? ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அவன்தான்னு கைகாட்டுவாங்க. நடுவுல நம்மள இழுப்பாங்க." அன்று ராத்திரி கைகழுவும்போது பொறுப்பல்லவுக்கு 'யார் பொருத்தினாலும்' என்ற இரண்டு வார்த்தைகள் வந்தன. ஈரக் கையோடு ஓடிவந்து எழுதிவைத்தார்.

'யார் பொருத்தினாலும், வாங்கியவரே தயாரிப்பாளர் ஆவார். இதனால் யாருக்கு எந்தத் தீங்கு நேர்ந்தாலும் அவரே முழுப் பொறுப்பு. இதைப் படித்துப் புரிந்துகொண்டு ஒப்புக்கொள்கிறேன்.'

பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் அடித்தால்தான் பொருள் கிடைக்கும். முதலாளி இரண்டு தடவை படித்தார், தலையை ஆட்டினார். அவர் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார், தலைதான் ஆட்டுவார். தலையாட்டலுக்கு நகல் எடுக்க முடியாது. மறுவாரம் பொறுப்பல்லவுக்கு ஒரு சுழல் நாற்காலி வந்தது. உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பேக்கிங் அக்கா, "விழுந்தா யாரு சார் பொறுப்பு," என்று கேட்டாள்.

பிறகு கண்ணாடி வந்தது.

லேசர் வாங்குகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். நீல ஒளிக்கு ஆரஞ்சு நிறக் கண்ணாடி. முதலாளி எங்கோ சகாயமாகக் கிடைத்தது என்று மூவாயிரம் பச்சைக் கண்ணாடி வாங்கிப் போட்டிருந்தார். டெக்னீஷியன் மேடம் பொறுப்பல்லவைக் கறுப்பு அறைக்குக் கூப்பிட்டார். பச்சைக் கண்ணாடி ஒன்றைக் கவ்வியில் மாட்டி, பின்னால் ஒரு கறுப்புக் காகிதத்தை வைத்து, டயோடை ஏற்றினார். கண்ணாடி வழியாகவே காகிதம் புகைந்தது. சின்னதாக, மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை.

"இது சிவப்பு ஒளியைத் தடுக்கற கண்ணாடி சார். நீலத்துக்குத் திறந்த வாசல். இதைப் போட்டுக்கறதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான். போடாதவனாவது பயந்து நடப்பான்."

இதையே அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். குறிப்புகள் எல்லாம் பொறுப்பல்ல மேசைக்குத்தான் வரவேண்டும், அது அலுவலக வழக்கம். அவரும் வழக்கப்படி கீழே 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முதலாளியிடம் போய் வாயால் சொன்னார்.

முதலாளி நெற்றியைத் தடவினார். "மூவாயிரம் கண்ணாடியை நான் என்ன, தலைகாணிக்குள்ள அடைச்சுக்கறதா? வித்தாத்தானே பிரச்சனை. வேற வார்த்தை இருக்குமே. உங்ககிட்ட இல்லாத வார்த்தையா?"

இருந்தது. அதுதான் கேடு. மறுநாளிலிருந்து ஒவ்வொரு பார்சலிலும் ஒரு பச்சைக் கண்ணாடி போனது. ரசீதில் அது 'பாதுகாப்புக் கண்ணாடி' இல்லை. 'அன்பளிப்பு.' அன்பாகக் கொடுத்ததற்கு யார் உத்தரவாதம் கேட்பார்கள். டெக்னீஷியன் மேடம் ரசீதைப் பார்த்துவிட்டு, "பொறுப்பல்ல சார், உங்களுக்குச் சிலை வைக்கணும். பச்சைக் கண்ணாடி மாட்டி," என்றார். அவர் சிரித்தார். அன்றைக்கு அது நகைச்சுவையாகத்தான் இருந்தது.

அவருக்கு ஒரே தங்கை. தங்கையின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பத்தொன்பது வருடத்தில் ஒரு சைக்கிள்காரரைக்கூட உரசாதவர். கை சும்மா இருக்காது. வீட்டில் கதவுக் கைப்பிடியிலிருந்து பாத்திர அடுக்குவரை அவர் செய்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானைத் தேடி வந்தார்.

"மச்சான், மரத்துல எழுத்துச் சுடணும். சாவி மாட்டற பலகை, பேர்ப்பலகை, அந்த மாதிரி. டிப்போல நாப்பது பேர் கேட்டு வச்சிருக்காங்க. மெஷின் விலை கேட்டா யானை விலை சொல்றான். உங்க கம்பெனில பாகம் கிடைக்குமாமே."

"கிடைக்கும் மாப்பிள்ளை. ஊழியர் கணக்குல வாங்கினா தள்ளுபடியும் உண்டு."

"அதுல டிரைவர் போர்டுன்னு ஒண்ணு போட்டிருக்கே. டிரைவருக்கே டிரைவரா?"

தள்ளுபடி ஊழியருக்கு மட்டும். அதனால் பொறுப்பல்ல தன் கணக்கைத் திறந்து, தன் பெயரில் நான்கு பாகங்களையும் தேர்ந்தெடுத்தார். கடைசியில் அந்தக் கட்டம் வந்தது. மாப்பிள்ளை திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"என்னது இது, எறும்பு ஊர்ற மாதிரி?"

"நான் எழுதினது."

"நீங்களா? அடேயப்பா. இவ்வளவு சின்னதாவா எழுதுவாங்க?"

"யாரும் படிக்கறதுக்கு இல்ல மாப்பிள்ளை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பொறுப்பல்ல டிக் அடித்தார்.

பார்சலை அவரே தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளை சின்னப் பிள்ளை மாதிரி உறைகளைக் கிழித்தார். கடைசியில் பச்சைக் கண்ணாடி வந்தது. உடனே மாட்டிக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எப்படி? ஹீரோ மாதிரி இருக்கேனா?"

"வெல்டிங் கடை ஹீரோ," என்றாள் தங்கை. "கழட்டுங்க, பக்கத்து வீட்ல பயந்துக்கப்போறாங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். 'அதைத் தூக்கிப் போடுங்க மாப்பிள்ளை, அது குப்பை, நாளைக்கு ஆரஞ்சுக் கண்ணாடி ஒண்ணு கொண்டாறேன்' என்று. இரண்டு மூச்சு. ஆனால் அரை மணி நேரமாக அவர் அந்த வீட்டில் தன் கம்பெனியைப் பற்றித்தான் அளந்துகொண்டிருந்தார். எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு எச்சரிக்கை, தான் எழுதாமல் ஒரு பொட்டலம்கூட வெளியே போகாது என்று. தங்கை அதை வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பெருமையாகச் சொல்லிமுடித்த வாயாலேயே, நாங்கள் தெரிந்தே குப்பையை அனுப்புகிறோம் என்று எப்படிச் சொல்வது. அதுவும் அந்தக் குப்பைக்குப் பெயர் வைத்ததே தான்தான் என்று.

பதினோரு வருடப் பழக்கம் கைகொடுத்தது. சொன்னவனைக் காப்பாற்றுகிற, கேட்டவனுக்கு ஒன்றுக்கும் உதவாத வாக்கியம் ஒன்று தானாக வாயில் வந்து உட்கார்ந்தது.

"எதுக்கும் கவனமா இருங்க மாப்பிள்ளை."

"கண்ணாடிதான் இருக்கே," என்றார் மாப்பிள்ளை.

மூன்று வாரம் கழித்து, காலை பத்து மணிக்கு, பின்கட்டு மேசையில் மாப்பிள்ளை லென்ஸின் குவியத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். பச்சைக் கண்ணாடி போட்டிருந்தார். அளவுக்கு ஒரு இரும்பு ஸ்கேல் வைத்திருந்தார். ஸ்கேல் கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். கதிர் அதில் பட்டுத் திரும்பி முகத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டது. வலிக்கவில்லை என்று பிறகு சொன்னார். தலைக்குள்ளே பட்டென்று ஒரு சத்தம் கேட்டதாம், யாரோ விரலைச் சொடுக்கியதுபோல.

கண் டாக்டர் தாளில் ஒரு வட்டம் வரைந்து, நடுவில் பேனாவால் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தார். வலது கண்ணில் நடுப்பகுதி முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் பாதிக்கு மேல். ஓரங்கள் நன்றாக இருக்கின்றன. திரும்பி வருமா என்று தங்கை கேட்டாள். டாக்டர் பேனாவை மூடினார்.

அதன் விளைவு விசித்திரமாக இருந்தது. மாப்பிள்ளைக்கு எதைப் பார்க்கிறாரோ அது தெரியாது, பக்கத்தில் இருப்பது தெரியும். கொஞ்ச நாளில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருவர் முகத்தைப் பார்க்கவேண்டுமென்றால் அவர் காதைப் பார்ப்பார். "இத்தனை வருஷமா உன் காதுல ஓட்டை கோணலா இருக்கறதை நான் கவனிக்கவே இல்ல," என்றார் மனைவியிடம். அவள் சமையலறைக்குப் போய் அழுதாள்.

ஓட்டுநர் உரிமம் போனது. டிப்போவில் இரக்கப்பட்டு வாசலில் ஒரு முக்காலி கொடுத்தார்கள், உள்ளே வருகிற பேருந்துகளின் எண்ணைச் சொல்ல. எண் தெரியாதவரை எண் சொல்ல வைத்தது யார் மூளையோ. மூன்றாம் வாரம் முக்காலியும் போனது. இனி அவர் பேருந்து ஓட்டமுடியாது. ஆனால் வீடு ஓடவேண்டும். ஒரே வழிதான் இருந்தது. கண்ணாடி தவறானது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டால் அதன் இன்சூரன்ஸிலிருந்து இழப்பீடு வரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒன்றும் இல்லை.

"அவர் கண்ணாடி போட்டுட்டுத்தான் இருந்தாரு அண்ணே," என்றாள் தங்கை. "உங்க கம்பெனி குடுத்த கண்ணாடி. போட்டும் இப்படி ஆச்சுன்னா தப்பு யாரோடது? நான் எழுதிக் கேக்கப்போறேன். நீ உள்ள இருக்க, பாத்துக்குவல்ல?"

"பாத்துக்கறேன்மா."

அவள் கடிதம் நேராக அவர் மேசைக்கே வந்தது. தடுப்புக்கு மேலே முதலாளி தலை எழுந்தது.

"உங்க தங்கச்சின்னா எனக்கும் தங்கச்சி மாதிரி," என்றார். அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "ஆனா முதல் பதில் எப்பவும் இல்லைன்னுதான் போகணும். அது சம்பிரதாயம். இன்சூரன்ஸ்காரன் அதைப் பாத்துட்டுத்தான் பேச்சுக்கே வருவான். நீங்களே எழுதிடுங்க. உங்களைவிட நல்லா யாரு எழுதுவா?" கொஞ்சம் நிறுத்தி, "ஆர்டர் உங்க கணக்குலதான் இருக்கு போல. நான் அதைப் பெருசு பண்ணல," என்றார்.

பொறுப்பல்ல எழுதினார். நம்பித்தான் எழுதினார் என்று அவர் பக்கத்தில் ஒன்று சொல்லலாம். முதல் பதில் சம்பிரதாயம், இரண்டாவது பதிலில் பணம். 'தங்கள் கணவருக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறோம். குறிப்பிடப்பட்ட கண்ணாடி எங்களால் விற்கப்பட்டதன்று, அன்பின் அடையாளமாக வழங்கப்பட்டது.' நல்ல ஓட்டமான நடை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

அடுத்த ஞாயிறு தங்கை அந்தக் கடிதத்தை அவருக்கே சத்தமாகப் படித்துக் காட்டினாள். 'அன்பின் அடையாளமாக' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"எந்தப் பாவி எழுதினானோ. அவன் வீட்ல இப்படி ஒண்ணு நடக்கணும்."

பொறுப்பல்ல தண்ணீர் கேட்டார். மாப்பிள்ளை அவர் காதைப் பார்த்தபடி, "விடு, அவனும் சம்பளத்துக்கு எழுதறவன்," என்றார்.

இரண்டாவது பதில் வரவில்லை. தங்கை நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு கொடுத்தாள். விசாரணைக்கு முந்தின நாள் பொறுப்பல்ல கறுப்பு அறைக் கதவைத் தட்டினார்.

"மேடம், அந்தக் கண்ணாடி விஷயம். நீங்க வந்து சொல்லுவீங்களா?"

"என்னன்னு?"

"கம்பெனிக்குத் தெரியும்னு."

டெக்னீஷியன் மேடம் விளக்கைப் போட்டார். "எனக்குத் தெரிஞ்சதை உங்ககிட்ட சொன்னேன். நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

"முதலாளிகிட்ட."

"எழுதியா?"

"வாயால."

"உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே சார்," என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆனாலும் அந்தத் தாள் இருந்தது. 'பச்சைக் கண்ணாடி நீல ஒளியைத் தடுக்கவில்லை. கண்ணுக்கு நிரந்தரச் சேதம் உண்டாகும்.' கோப்பிலிருந்து அதை உருவி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். சுழல் நாற்காலி போகட்டும், சம்பளம் போகட்டும். பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு தாள் யாருக்காவது பயன்படட்டும். வழியெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. பேருந்தில் ஒரு பெண்மணிக்கு எழுந்து இடம்கூடக் கொடுத்தார்.

விசாரணை அறை சின்னது. அதிகாரி ஒரு வயதான அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். எதிரே நிறுவனத்தின் வக்கீல், மெல்லிய குரல்காரர். முதலாளி வரவில்லை. பின்வரிசையில் தங்கையும் மாப்பிள்ளையும். பொறுப்பல்ல தானாகவே எழுந்து, தனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது என்று தாளை நீட்டினார். தங்கை முகம் மலர்ந்தது. அண்ணன் சொன்னபடி பார்த்துக்கொண்டுவிட்டான்.

அதிகாரி படித்துவிட்டு வக்கீலிடம் கொடுத்தார். வக்கீல் கலங்குவார் என்று பொறுப்பல்ல எதிர்பார்த்தார். வக்கீல் தாளை நிதானமாக இரண்டாக மடித்தார்.

"ரொம்ப நன்றி சார். இது எங்ககிட்ட இல்லாத ஒரே தாள். இது யாருக்கு எழுதினது?"

"எனக்கு."

"கீழ 'பார்த்தேன்'னு இருக்கே, அந்தக் கையெழுத்து?"

"என்னோடது."

"முதலாளி கையெழுத்து எங்கயாவது இருக்கா?"

"அவர் போடமாட்டார். தலையை ஆட்டுவார்."

"இருக்கா, இல்லையா சார்?"

"இல்ல."

"அன்பளிப்புங்கற வார்த்தை யாரோடது?"

"என்னோடது."

"இந்த ஆர்டர் யார் கணக்குல? டிக் அடிச்சது யாரு?"

"நான்தான். மாப்பிள்ளைக்காக. தள்ளுபடி கிடைக்கும்னு."

"அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துல இருக்கறதைப் படிச்சுப் பாத்துட்டு அடிச்சீங்களா?"

"நான் எழுதினதுங்க அது."

வக்கீல் உட்கார்ந்தார். மேற்கொண்டு சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை. ஒரு ஊழியர், கண்ணாடி கெட்டது என்று தெரிந்துகொண்டார், நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கவில்லை, அதற்கு ஒரு பெயர் வைத்து அனுப்பினார், தானே வாங்கினார், தானே ஒப்புக்கொண்டார், தன் வீட்டு மனிதருக்குக் கொடுத்தார். பாவம் நிறுவனம், ஏமாந்துவிட்டது.

"அண்ணே."

தங்கை எழுந்து நின்றிருந்தாள். அதிகாரி அவளை உட்காரச் சொல்லவில்லை.

"அது சரியில்லாத கண்ணாடின்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"முன்னாடியே."

"எதுக்கு முன்னாடி? இவருக்கு ஆனதுக்கு முன்னாடியா?"

"வாங்கறதுக்கு முன்னாடி."

"எங்க வீட்ல வச்சு அதை மாட்டிட்டு நின்னாரே. நான்கூடச் சிரிச்சேனே."

"ஆமா."

"அப்பவும் தெரியுமா?"

"தெரியும்மா. எதுக்கும் கவனமா இருக்கச் சொன்னேனே." சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது.

அவள் கைப்பையைத் திறந்து அந்தப் பதில் கடிதத்தை எடுத்தாள். பிரிக்கவில்லை, மடித்தபடியே காட்டினாள். "இதுவும் நீயா?"

அவர் தலையை ஆட்டினார். முதலாளியிடம் கற்ற வித்தை. ஆனால் இங்கே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிறுவனத்தின் மேல் மனு நிற்காது என்றார். இந்த ஒப்புதல்படி தயாரிப்பாளர் இவர், கண்ணாடியின் குறையை அறிந்திருந்தவரும் இவர். "விரும்பினா எதிர்மனுதாரர் பேரை மாத்தி இன்னைக்கே குடுக்கலாம்மா. ஆனா இவர் உங்க கூடப்பிறந்தவர். இவர்கிட்ட இருக்கறதை ஜப்தி பண்ணித்தான் வாங்கணும். வீடு, சாமான் எல்லாம் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

தங்கை யோசிக்கவில்லை.

"மாத்துங்க," என்றாள்.

தாழ்வாரத்தில் ஒரு நீளப் பெஞ்சு. தங்கை நகல் எடுக்கக் கீழே போயிருந்தாள், அண்ணனைத் தாண்டிப் போகும்போது புடவையை இழுத்துக்கொண்டு போனாள். பெஞ்சின் ஒரு கோடியில் மாப்பிள்ளை, மடியில் புது மனுப் படிவம். அதோடு அந்த ஒப்புதல் வாசகத்தின் அச்சுப் பிரதி பின் செய்யப்பட்டிருந்தது. பாதிக்கப்பட்டவர் எல்லாவற்றையும் படித்து, அல்லது படிக்கக் கேட்டு, கையெழுத்துப் போடவேண்டும் என்று குமாஸ்தா சொல்லிவிட்டுப் போனார்.

"மச்சான், அங்க இருக்கீங்களா?"

"இருக்கேன் மாப்பிள்ளை."

"இங்க வேற யாரும் இல்ல. நீங்களே படிங்க."

பொறுப்பல்ல அருகில் வந்து உட்கார்ந்தார். எழுத்து சின்னது. தன் வாசிப்புக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தும், 'யார் பொருத்தினாலும்' என்ற இடத்தில் எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது. கடைசிவரை படித்தார்.

மாப்பிள்ளை அவர் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதாவது முகத்தை.

"நல்லா எழுதியிருக்கீங்க. எங்கயும் ஓட்டை இல்ல," என்றார். "அன்னைக்கு நான் படிக்காம விட்டேன் பாருங்க. எங்க போடணும்?"

பொறுப்பல்ல அவர் கையைப் பிடித்துக் கோட்டின் மேல் கொண்டுபோய் வைத்தார். கையெழுத்து கொஞ்சம் மேலே ஏறிப் போனாலும் விழுந்துவிட்டது. பிறகு மாப்பிள்ளை படிவத்தை விரலால் தடவினார்.

"தயாரிப்பாளர் பேர்னு ஒரு இடம் காலியா இருக்குன்னு குமாஸ்தா சொன்னாரு. உங்க முழுப் பேர் எனக்குச் சரியா எழுத வராது. நீங்களே எழுதிடுங்க."

பேனா கை மாறியது. பொறுப்பல்ல குனிந்து, பழக்கதோஷத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி முதல் எழுத்தைத் தொடங்கினார். அது எப்படித் தெரிந்ததோ, பேனா காகிதத்தில் உரசுகிற சத்தத்தை வைத்துத்தான் இருக்கவேண்டும்.

"சின்னதா எழுதாதீங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "இது எல்லாரும் படிக்கறதுக்கு."